யாருக்கு யாரோடு சண்டை

என் ஆராய்ச்சி எதைப் பற்றியது என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு வரி வைத்திருந்தேன்: எது எதோடு சேர்ந்து இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. கேட்டவர்கள் எல்லோரும் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். என் நாத்தனார் மட்டும் வாய்விட்டுக் கேட்டாள், இதற்கு ஏழு வருஷமா என்று. டாக்டர் இருக்கும் இடத்தில் மருந்துக்கடை இருக்கும், தாலுகா ஆபீஸ் இருக்கும் இடத்தில் ஜெராக்ஸ் கடை இருக்கும், இது தனக்கே தெரியும் என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது.

அவளுக்குத் தெரிந்தது ஒரு கடைத்தெரு. ஒரு மாவட்டத்து வரைபடத்தில் லட்சம் புள்ளி வைத்து, இது வயல், இது குளம், இது டிரான்ஸ்ஃபார்மர், இது பிள்ளையார் கோயில் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் ஒட்டி, இதில் எந்த இரண்டு, எந்த மூன்று தற்செயலாக இல்லாமல் திரும்பத் திரும்பப் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன என்று கேட்டால் அவளும் முழிப்பாள், கம்ப்யூட்டரும் முழிக்கும். ஒவ்வொரு புள்ளியையும் மற்ற எல்லாப் புள்ளிகளோடும் ஒப்பிட வேண்டியிருக்கும். முழிக்காமல் சீக்கிரம் கண்டுபிடிக்க வழி சொல்வது என் வேலை. ஆங்கிலத்தில் இதற்குக் கோ-லொகேஷன் பேட்டர்ன் என்று பெயர். பெயர் பெரிதாக இருப்பதால் பட்டம் தருகிறார்கள்.

தஞ்சாவூருக்கு வெளியே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கணினிப் பாடம் நடத்துகிறேன். புகுந்த வீடு திருக்காட்டுப்பள்ளிப் பக்கம். காலை ஏழே காலுக்கு பஸ் ஏறி, சாயங்காலம் ஆறரைக்கு இறங்குகிறவள் நான். இதற்கு நடுவில் பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். கொடுத்த காலம் முடிந்து, இரண்டு முறை நீட்டிப்பும் வாங்கியாகிவிட்டது. மூன்றாவது நீட்டிப்பு கிடையாது. மார்ச் கடைசித் தேதிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஏழு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள், தீபாவளிகள், என் தம்பி கல்யாணத்தில் பாதி, எல்லாம் குப்பைக்குப் போகும். அந்தத் தேதிக்கு முன்னால் ஒரு கமிட்டி கூடி, இது போதும் என்று கையெழுத்துப் போடவும் வேண்டும்.

என் நெறியாளர் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த பேராசிரியர். எதைக் கொடுத்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார். முடிவு பிடித்திருந்தால் மட்டும் முன்னால் வருவார். என்னுடையதில் அவர் ஏழு வருடமாகக் கடைசிப் பக்கத்தைத் தாண்டவில்லை.

முதலில் எழுதிய புரோகிராம் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஒப்பிட்டது. மூன்று நாள் ஓடும். இரண்டாம் நாள் கரண்ட் போகும். கல்லூரியில் இன்வெர்ட்டர் முதல்வர் அறைக்கு மட்டும்தான் என்பதால், நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன். இப்படி ஒரு ஆடி மாதம் முழுக்கப் போனது. பிறகு புத்தி வந்து வரைபடத்தைக் கட்டம் கட்டமாக வெட்டினேன். இருநூறு மீட்டருக்குள் இருப்பதுதான் பக்கம் என்று வைத்துக்கொண்டால், ஒரு வயலுக்கு அதன் கட்டத்தையும் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களையும் பார்த்தால் போதும். திருக்காட்டுப்பள்ளி வயலை ஒரத்தநாட்டு மாட்டு ஆஸ்பத்திரியோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

இன்னொரு வேலையையும் வெட்டினேன். இரண்டு பொருள்கள் சேர்ந்து இல்லை என்று தெரிந்துவிட்டால், அந்த இரண்டோடு மூன்றாவதைச் சேர்த்துத் தேடுவது வீண். புருஷனும் பெண்டாட்டியுமே ஒரு வீட்டில் இல்லை என்னும்போது, பிள்ளையோடு மூன்று பேரும் ஒன்றாக இருக்கிறார்களா என்று போய்ப் பார்ப்பானேன்? அந்தச் சேர்க்கைகளை எல்லாம் தேடாமலே தள்ளினேன். மூன்று நாள் ஓடியது நான்கு நிமிடமானது.

நான்கு நிமிடத்தை நெறியாளரிடம் ஓட்டிக் காட்டினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"வேகம் சரிம்மா. கெடச்சது என்ன?"

அதுதான் சங்கடம். முந்தைய சம்பாவில் எங்கள் பக்கத்து வயல்களில் இலைக் கருகல் நோய் வந்திருந்தது. நுனியிலிருந்து மஞ்சளாகி, ஓரம் காய்ந்து, தாள் வைக்கோல் நிறத்துக்குப் போய்விடும். இதை வைத்தே என் புரோகிராமைச் சோதிக்கலாம் என்று மாணவர்களை அனுப்பி, கருகல் வந்த வயல் எது, யூரியா அதிகம் போட்ட வயல் எது, போர்வெல் எங்கே, குளம் எங்கே, வாத்து மேய்ந்தது எங்கே என்று மொபைலில் குறித்து வாங்கியிருந்தேன். கோயில், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் ஏற்கெனவே வரைபடத்தில் இருந்தன. அத்தனையையும் போட்டு ஓட்டியதில் வந்த முதல் முடிவு இது: இலைக் கருகலும் பிள்ளையாரும் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்தே இருக்கின்றன.

நெறியாளர் அதைக் கடைசிப் பக்கத்தில் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளையாருக்கும் கருகலுக்கும் சம்பந்தம்னு எழுதிக் கொடுத்தா, கமிட்டியில ரெண்டு பேரு எழுந்து போயிடுவாங்க. ஒருத்தர் பக்தியில, இன்னொருத்தர் சிரிப்புல."

தப்பு என்னுடையது. எங்கள் பக்கம் பிள்ளையார் இல்லாத முக்கு கிடையாது. எந்த வயலில் நின்று கல்லெறிந்தாலும் அவர்மேல் படும். அதனால் கருகல் வயல்களில் எத்தனைக்குப் பக்கத்தில் பிள்ளையார் என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் என்று பதில் வரும். பிள்ளையார்களில் எத்தனை பேருக்குப் பக்கத்தில் கருகல் என்று திருப்பிக் கேட்டால் கொஞ்சம் பேருக்குத்தான். இரண்டு பக்கமும் கேட்டு, இரண்டில் சின்னதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தத் துறையில் ஒருதலைக் காதல் செல்லாது. நான் அவசரத்தில் சின்னதற்குப் பதில் பெரியதை எடுத்திருந்தேன்.

திருத்தி ஓட்டினேன். பிள்ளையார் போய்விட்டார். டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. கூடவே எல்லாம் போய்விட்டது. கருகலோடு சேர்ந்து இருப்பது எதுவுமே இல்லை என்று வந்தது. ஒன்றுமில்லை என்பதை நான்கே நிமிடத்தில் சொல்லும் புரோகிராம் என் கையில் இருந்தது. அப்போது மார்கழி பிறந்திருந்தது.

வீட்டுக்காரர் நல்ல யோசனை என்று ஒன்று சொன்னார். சேர்ந்து இருக்கிறது என்று சொல்ல ஒரு அளவு வைத்திருக்கிறாயே, அதைக் குறைத்துவிடேன் என்றார். இரண்டு பக்கமும் பாதியாவது சேர்ந்து இருக்க வேண்டும், அதற்குக் கீழே இருந்தால் பேட்டர்ன் இல்லை என்று இரண்டு வருடம் முன்னால் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தவள் நான். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பதற்காக அதைக் குறைத்தால் அதற்குப் பெயர் ஆராய்ச்சி இல்லை. அவரிடம் இதைச் சொன்ன விதம் கொஞ்சம் கடுமை. அவர் இரண்டு நாள் மாடியில் படுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வயலுக்குப் போனேன். எங்கள் வயல் ஆறு மா, ரெண்டு ஏக்கர். அந்தச் சம்பாவிலும் கருகல் வந்திருந்தது. மாமனார் வரப்பில் நின்று, ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒருவரைத் திட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆள் கண்ணுக்கே தெரியவில்லை, ஆனாலும் அவரைப் பார்த்துத் திட்டுவது போலவே திட்டினார். நான் அதைக் கவனிக்கவில்லை. எனக்கு அது ரேடியோ மாதிரி. நான் பார்த்தது வேறு. எங்கள் வயல் மஞ்சளாகி நிற்கிறது. ஒரு முழ வரப்புக்கு அந்தப் பக்கம் அடுத்தவர் வயல் கருகல் துளியும் இல்லாமல் பச்சையாக நிற்கிறது. என் புரோகிராமுக்கு இந்த இரண்டும் இருப்பதிலேயே நெருங்கிய பக்கம்.

அடுத்த வயல்காரர் என்ன மருந்து அடித்தார் என்று கேட்டுச் சொல்லுங்கள் என்று மாமனாரிடம் சொன்னேன்.

"அவனோட எனக்கு என்ன பேச்சு? அவன் வேற வாய்க்கால்."

சண்டையா என்று கேட்டேன். சண்டை போடும் அளவுக்குக்கூட அவரோடு தொடர்பு இல்லை என்றார். முப்பது வருடமாக ஒரே வரப்பில் எதிரெதிரே நிற்கிறார்கள், ஒரு வார்த்தை பேசியதில்லை, பேச ஒன்றும் இல்லை. அப்படியானால் ஒன்றரைக் கிலோமீட்டரில் இருப்பவரோடு என்ன என்றேன். அந்த ஆள் மடையைத் திறந்தால்தான் தனக்குத் தண்ணீர் என்றார். சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து திட்ட ஆரம்பித்தார்.

அந்த வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். கருகல் தண்ணீரில் போகிற நோய். வேளாண்மைத் துறையின் துண்டுப் பிரசுரத்தில் அது அச்சடித்தே இருந்தது, ஆராய்ச்சியின் முன்னுரையில் நானே ஒரு வரி எழுதியும் இருந்தேன். எழுதிவிட்டு, பக்கம் என்பதை மட்டும் காக்கை பறக்கிற கணக்கில் அளந்திருக்கிறேன். தண்ணீர் காக்கை மாதிரி போகாது. அது மடையில் நுழைந்து, ஒரு வயலில் நின்று, அந்த வயல்காரர் மனசு வைத்தால் அடுத்த வயலுக்குப் போகும். ஏழு வருடத்தில் ஐந்து வருடம் காக்கைக்காக உழைத்திருக்கிறேன் என்று தெரிந்தபோது யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கையில் கிடைத்த மண்ணாங்கட்டியை வாய்க்காலில் எறிந்தேன். மாமனார் ஒரு நிமிடம் திட்டுவதை நிறுத்தி, கரையை உடைக்காதே என்றார்.

சரி, தண்ணீர் எந்த வயலிலிருந்து எந்த வயலுக்குப் போகிறது என்று தெரிந்தால் போதும். அதற்கு வரைபடம் இருக்கும் என்று நம்பினேன். சர்வே வரைபடத்தில் எல்லைக்கோடு இருக்கிறது, தண்ணீர் இல்லை. மதகு திறக்கும் லஸ்கரைப் போய்ப் பார்த்தேன். மனிதர் ஆற்றிலிருந்து கிளை வாய்க்கால் வரைக்கும் ஒரு நூல் பிசகாமல் சொன்னார். அதற்குக் கீழே வயலுக்கு வயல் எப்படிப் போகிறது என்று கேட்டதும் கையை விரித்தார். "அது அவங்க சண்டைம்மா. நான் தலையிடுறதில்ல."

விவசாயிகளையே கேட்டேன். முதல் நாள் பன்னிரண்டு பேர். உங்கள் வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது கேள்வி. மேட்டூரிலிருந்து என்றார்கள். பதினோரு பேர். ஒருவர் மட்டும் கர்நாடகத்திலிருந்து என்றார். நான் கையில் படிவம் வைத்திருந்தேன், பேனா வைத்திருந்தேன். அரசாங்கம் எதற்கோ கணக்கெடுக்கிறது, பக்கத்து வயலிலிருந்து தண்ணீர் வாங்குவதாகச் சொன்னால் நாளைக்கு ஏதாவது வில்லங்கம் வரும் என்று அவர்களுக்குப் பயம். இன்னார் வயல் வழியாக வருகிறதா என்று குத்திக் கேட்டால், எல்லாரும் ஒண்ணுக்குள்ள ஒண்ணுதாங்க என்றார்கள்.

வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த வெற்றுப் படிவங்களைக் கிழித்துப் போட்டேன். லஸ்கர் சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது. புதிதாக ஒரு படிவம் அடித்தேன். அதில் ஒரே கேள்வி: உங்களுக்கு யாரோடு சண்டை?

பொங்கல் விடுமுறை ஐந்து நாள். எல்லோரும் வீட்டில் இருந்தார்கள், சாப்பிட்டு முடித்திருந்தார்கள், வேலை இல்லை. இதைவிட நல்ல காலம் எனக்கு அமைந்திருக்காது. இதே ஆட்கள்தான் முந்தைய வாரம் என்னை வாசலில் நிற்கவைத்துப் பேசி அனுப்பியவர்கள். இப்போது நாற்காலி போட்டார்கள். கரும்பு கொடுத்தார்கள். காபி கொடுத்தார்கள். ஒரு வீட்டில் என் கேள்வியைக் கேட்டுவிட்டு, கொஞ்சம் இருங்க என்று உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார் ஒருவர். நாற்பது நிமிடம் சொன்னார். எந்த மடை, எத்தனை மணிக்குத் திறந்தது, யார் மண்வெட்டியை யார் பிடுங்கினார், எல்லாம் வந்தது. என்னிடம் இருந்த எந்த ஜிபிஎஸ் கருவியும் இவ்வளவு துல்லியமாக இருந்ததில்லை.

குப்பையும் வந்தது. கல்யாணப் பத்திரிகை நேரில் வைக்காத சண்டை, ஆடு மேய்ந்த சண்டை, அண்ணன் தம்பிப் பாகச் சண்டை. அதை எல்லாம் கேட்டுக்கொண்டு, தண்ணீர்ச் சண்டையை மட்டும் எழுதினேன். ஒரு வீட்டில் புருஷன் பெயரில் மேல் வயல், மனைவி பெயரில் அப்பா வீட்டுச் சீராக வந்த கீழ் வயல். அந்த அம்மா முதல் எதிரி என்று தன் வீட்டுக்காரரைச் சொன்னார். நான் சிரித்ததற்குக் கோபித்துக்கொண்டார். வீட்டுக்காரர் மடையை அடைப்பது உண்மைதான், போய்ப் பார்த்தேன். எழுதிக்கொண்டேன்.

ஒரு விதி வைத்திருந்தேன். இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் சொன்னால்தான் அந்தச் சண்டையை எடுத்துக்கொள்வது. ஒருவர் மட்டும் சொன்னால் அது புகார், அதை வைத்து வரைபடம் போட முடியாது. ஏறக்குறைய எல்லாச் சண்டையும் இரண்டு பக்கமும் வந்தது. இந்த ஒரு விஷயத்தில் எங்கள் ஜனங்கள் நேர்மையானவர்கள்.

எங்கள் வயலுக்குக் கீழே குத்தகைக்கு எடுத்து நடும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டில் மட்டும் காபி வந்தது, பதில் வரவில்லை. இரண்டு முறை கேட்ட பிறகு சொன்னார்:

"ஒங்க மாமனாரோடதான், தங்கச்சி. நீ மனசுல வச்சுக்காத."

அதற்குப் பிறகு தடை இல்லாமல் வந்தது. மாமனார் தன் வயலில் யூரியாவை அள்ளிப் போட்டுவிட்டு, மறுநாளே மடையைத் திறந்து தண்ணீரைக் கீழே விட்டுவிடுவாராம். ஏன் இப்படி என்று போய்க் கேட்டால், உனக்கும் சேர்த்துத்தான் உரம் போட்டிருக்கிறேன், சும்மா வருகிறது, வாங்கிக்கொள் என்பாராம். அந்த அக்கா வயலில் கருகல். அதற்குக் கீழே இருந்த ஐந்து வயலிலும் கருகல். அந்த ஐந்து பேரும் மாமனாரைத்தான் சொன்னார்கள். ஒவ்வொருவரும் முதலில் காபி கொடுத்து, மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சொன்னார்கள். அன்றைக்கு ஆறு காபி குடித்தேன்.

பட்டியலைப் போட்டு ஓட்டினேன். நான்கு நிமிடமெல்லாம் இல்லை, விசையிலிருந்து விரலை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. வேகத்துக்காக ஏழு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கட்டம் வெட்டினேன், சேர்க்கைகளைத் தள்ளினேன். விஷயம் இவ்வளவுதான். ஒரு மனிதரால் எத்தனை பேரோடுதான் தண்ணீர்ச் சண்டை போட முடியும்? மேலே ஒருவர், கீழே இரண்டு பேர். ஒவ்வொரு வயலுக்கும் அந்த இரண்டு மூன்று பேரைப் பார்த்தால் போதும், தூரம் என்பதையே அளக்க வேண்டாம். எங்கள் துறையில் நடுவில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றிப் பக்கத்துப் புள்ளிகளுமாக இருப்பதை நட்சத்திரம் என்பார்கள். ஊரில் எல்லா நட்சத்திரமும் சின்னது. பெரிய நட்சத்திரம் ஒன்றே ஒன்று, அது எங்கள் வீட்டில் இருந்தது.

ஆனால் அந்த நட்சத்திரம் கணக்கில் சேரவில்லை. யூரியா அதிகம் போட்ட வயலும் அதன் கீழ்மடையில் கருகலும் என்று ஒரு பேட்டர்ன் வந்திருந்தது. உண்மையான பேட்டர்ன். வந்தது பாதிக்கு ஒரு மயிரிழை கீழே. காரணம் பார்த்தால் மாமனார். மாணவர்கள் முன்பு வந்து யூரியா எவ்வளவு என்று கேட்டபோது, அளவாகத்தான் என்று சொல்லியிருக்கிறார். இப்போது என் படிவத்தில், தனக்குச் சண்டை மேல்மடைக்காரரோடு மட்டும்தான், கீழே இருப்பவர்கள் எல்லோரும் தங்கமானவர்கள் என்று எழுதவைத்திருக்கிறார். ஆறு பேர் அவரைச் சொல்கிறார்கள், அவர் ஒருவரையும் சொல்லவில்லை. என் விதிப்படி ஆறும் புகார், ஆறும் செல்லாது. அவை சேர்ந்தால் பாதியைத் தாண்டும். சேராவிட்டால் எனக்குப் பட்டம் இல்லை.

மாமனார் ஊரிலேயே பெரிய சண்டைக்காரர். அவர் யாரோடும் சண்டை இல்லை என்று சொன்னதால் என் ஏழு வருடம் போகிறது. இதை நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை, ஆத்திரத்தில்.

கல்லூரி திறப்பதற்கு முந்தைய நாள் மதியம், அவர் சாப்பிட உட்கார்ந்தபோது நானும் எதிரே உட்கார்ந்தேன். கையில் பட்டியலும் பேனாவும். இது என் பட்டத்துக்கு, நீங்கள் சொல்வதை எழுதப் போகிறேன், பிடிக்காவிட்டால் சொல்ல வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். திருட்டுத்தனமாக எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. அவர் தாராளமாக எழுது என்றார். தனக்குத்தான் யாரோடும் சண்டை கிடையாதே என்றார்.

நான் குத்தகைக்கார அக்கா சொன்னதைப் படித்தேன். சாம்பார் சாதம் பாதி வழியில் நின்றது.

"அப்படியா சொன்னா?"

அதற்குப் பிறகு நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொருவர் சொன்னதையும் படித்தேன், அவ்வளவுதான். முதல் ஆளுக்குப் பதினைந்து வருடக் கதை வந்தது. இரண்டாவது ஆளுக்கு அவருடைய அப்பா காலத்திலிருந்து வந்தது. மூன்றாவது ஆள் தன் மண்வெட்டியை இன்னும் திருப்பித் தரவில்லை என்று தெரிந்தது. நான்காவது ஆள், அவர் போடுகிற உரமெல்லாம் எங்கள் வயலில் விஷமாக இறங்குகிறது என்று சொன்னதைப் படித்தபோது தட்டைத் தள்ளிவிட்டார்.

"நாலு மூட்டை யூரியா போட்டேன். நாலு மூட்டை. அதுல ரெண்டு மூட்டை அவனுவ வயல்லதான் ஓடுது. நன்றி கெட்டவனுவ."

நான்கு மூட்டை என்று எழுதிக்கொண்டேன். ரெண்டு ஏக்கருக்கு, ஒரே தடவையில். அளவு என்று துறை சொல்வதைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஆறாவது பெயர் முடிந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. ஆறு பேரோடும் தனக்குச் சண்டைதான், இன்றைக்கு இல்லை என்றைக்கும் சண்டைதான், நன்றாக எழுதிக்கொள் என்று அவரே சொன்னார். படித்துக் காட்டினேன். சரி என்று கையெழுத்துப் போட்டார். பரிமாறிக்கொண்டிருந்த மாமியார் என் தட்டில் மட்டும் கூடுதலாக ஒரு அப்பளம் வைத்தார்.

மாசியில் கமிட்டி கூடியது. நெறியாளர் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு, முதல் முறையாக முன் பக்கங்களுக்கு வந்திருந்தார். சண்டையை எல்லாம் தரவு என்று எப்படி ஒப்புக்கொள்வது என்று வெளியிலிருந்து வந்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். மேட்டூர் என்று பதில் வந்த பதினோரு படிவங்களை அவர் முன்னால் வைத்தேன். பிறகு சண்டைப் படிவங்களை வைத்து, எந்த மடை என்று இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சொன்னது ஒத்துப்போவதைக் காட்டினேன். சேர்ந்து இருப்பதாலேயே அதுதான் காரணம் என்று ஆகிவிடாதே என்றார். ஆகாது சார், சேர்ந்து இருக்கிறது என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன், பக்கம் நூற்றுப் பன்னிரண்டு என்றேன். கொஞ்சம் அதட்டலாக வந்துவிட்டது. நெறியாளர் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

அந்த உறுப்பினர் வரைபடத்தில் ஆறு கோடு கிளம்பும் சிவப்புப் புள்ளியைப் பேனாவால் தொட்டு, இது யார் வயல் என்று கேட்டார்.

"எங்க மாமனாரோடது, சார்."

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். புள்ளியை ஒரு முறை பார்த்தார். இனிமேல் எதைக் கேட்டாலும் இந்தப் பெண் உண்மையைத்தான் சொல்லும் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மார்ச் கடைசி வாரம் பைண்டிங்குக்குக் கொடுப்பதற்கு முந்தைய நாள், அந்தப் பக்கத்தை மாமனாரிடம் காட்டினேன். அவருக்குத் தெரியாமல் அச்சுக்குப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் யூரியாவும் அவர்கள் கருகலும் சேர்ந்தே இருக்கிறது என்று இதில் எழுதியிருக்கிறேன், பெயர் இல்லை, ஆனால் வயல் உங்களுடையது என்று நேராகச் சொன்னேன். சத்தம் போடுவார் என்று தயாராகத்தான் நின்றேன். அவர் அதைப் பொருட்படுத்தவே இல்லை. இங்கிலீஷில் இருப்பதை எவன் படிக்கப் போகிறான் என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் வயலிலிருந்து கிளம்பும் கோடுகளை விரலால் எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"ஆறுதான் இருக்கு. தெக்கால இருக்கவன விட்டுட்ட."

அந்த ஆள் உங்களைச் சொல்லவில்லை மாமா, ஒரு பக்கம் மட்டும் சொன்னால் சேர்க்க முடியாது, விதி என்றேன். என்னைச் சொல்லலையா என்று கேட்டார். அவருக்கு அது அவமானமாக இருந்தது. இருபது வருடமாக மாதம் ஒரு முறையாவது அந்த ஆளோடு கட்டிப் புரண்டது எல்லாம் என்ன கணக்கு என்றார். நாளைக் காலை ஒன்பது மணிக்கு பைண்டிங் கடை திறக்கும், அதற்குள் சேர்த்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டு டிவிஎஸ் ஃபிஃப்டியை உதைத்துக் கிளம்பினார்.

விளக்கு வைக்கும் நேரம் திரும்பி வந்தார். சட்டையில் ஒரு பட்டன் இல்லை. தெற்கு வயல்காரர், தனக்கு யாரோடும் எந்தச் சண்டையும் கிடையாது, தான் உண்டு தன் வேலை உண்டு என்று இருப்பவன் என்று பத்துப் பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். இவர் விடவில்லை.

"இப்ப நெசமாவே ஆயிடுச்சு. அவனும் ஒத்துக்கிட்டான். சேத்துக்க."

கணக்கெடுப்பு தை மாதத்தோடு முடிந்துவிட்டது என்று சொன்னேன். அதற்குப் பிறகு வந்த சண்டை எதுவும் இதில் வராது, உங்களுடையதாக இருந்தாலும் வராது. அவர் என்னை முறைத்தார். பிறகு மாமியாரிடம், இவளுக்கு எல்லாம் யார் பட்டம் கொடுக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே கை கால் கழுவப் போனார்.

மறுநாள் ஐந்து பிரதியைக் கட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏழே கால் பஸ்ஸைப் பிடிக்காமல் எட்டரை பஸ்ஸைப் பிடித்தேன். பைண்டிங் முடிய மதியம் ஆனது. பல்கலைக்கழக அலுவலகத்தில் சாப்பாட்டு நேரம் என்றார்கள். ஜன்னல் முன்னாலேயே நின்றேன், நகரவில்லை. மூன்று மணிக்கு ஒருவர் வந்து ஐந்திலும் முத்திரை குத்தி, தேதி போட்டு, ரசீது கொடுத்தார். கடைசித் தேதிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. வரைபடத்தில் ஆறு கோடுதான்.